கல்யாணக் கார்டின் பின்பக்கம்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஃப்ளாட்டுக்குப் பொலிஸ் செக்கிங் வந்தார்கள். கொழும்பில், வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, ஐ.சி.யை, அதுதான் அடையாள அட்டையை, எடுத்துக்கொண்டு வாசலுக்கு வர வேண்டியதுதான். வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர் என்றால் கூடவே பொலிஸ் பதிவுத் தாளும் வேண்டும். சீல் வைத்தது.

எனக்குப் பயமே இல்லை. ஏனென்றால் நான் கெட்டிக்காரி.

எங்களோடு இருப்பவள் தர்ஷினி. என் கணவரின் தங்கை மகள், ஊர் வவுனியா. எட்டு மாதமாக எங்கள் வீட்டில் தங்கி கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவளுடைய பதிவுத் தாள் காட்டிக் காட்டியே மடிப்பில் கிழியத் தொடங்கியது. நான் என்ன செய்தேன்? ஒரு பழைய கல்யாணக் கார்டின் பின்பக்கத்தில் பசை தடவி அதை ஒட்டினேன். தாள் நல்ல விறைப்பாகிவிட்டது. மற்றப் பழைய கார்டுகளோடு சேர்த்து றப்பர் பாண்ட் போட்டு மேசை லாச்சியில் வைத்தேன். கள்ளன் வந்தாலும் கல்யாணக் கார்டை எடுப்பானா?

லாச்சியைத் திறந்தேன். ஒரு கார்டுகூட இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது... இரண்டு சனிக்கிழமைக்கு முன்னால் அந்தக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் பிலோமினா அக்காவின் கையில் கொடுத்தது நானேதான்.

பிலோமினா அக்காவும் நானும் ஒரே கந்தோரில் பதினைந்து வருடம் பக்கத்து மேசை. இப்போது சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் ஆறு பெண்கள் கூடி, அவர்களுடைய மாதா கோயில் விற்பனைக்காகத் துண்டுத் துணிப் போர்வை தைக்கிறோம். தடித்த தாளில் அறுகோணங்கள் வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் துணியை மடித்து, தாளோடு சேர்த்துப் பெரிய தையல் போட வேண்டும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. அது ஒரு பூ. தாள் விறைப்பாக இருந்தால்தான் ஓரம் நேராக வரும். அதற்குக் கல்யாணக் கார்டை விட்டால் வேறு எது? எந்தத் தமிழ் வீட்டில் அதற்குப் பஞ்சம்?

ஆக, என் தர்ஷினியின் தாள் இப்போது ஏதோ ஒரு பூவுக்குள் இருக்கிறது.

வாசலில் சார்ஜன்ட் காத்திருந்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். தாள் இருக்கிறது, ஆனால் வேறு வீட்டில் இருக்கிறது என்றேன். எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. ஸ்டேஷன் புத்தகத்தில் பெயர் இருக்குமே என்றேன். பழைய புத்தகம் வேறு இடத்துக்குப் போய்விட்டதாம். இதற்குள் மேல் மாடி டீச்சர் இறங்கி வந்துவிட்டார். எதிர் வீட்டு முஸ்லிம் அம்மா கதவைத் திறந்து நின்றார். பக்கத்து வீட்டுத் தம்பதி, கீழ் வீட்டு நேர்ஸ், கடைசியில் தெருமுனைக் கடை முதலாளி சிறிபால — எல்லாரும் ஒரே கதை. இந்தப் பிள்ளையைத் தெரியும், எட்டு மாதமாகப் பார்க்கிறோம்.

சார்ஜன்ட் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"ஆள் சொன்னா சரி வராது, மிஸ். தாள் வேணும். நாலு மணிக்கு முன்னால ஸ்டேஷனுக்குக் கொண்டு வாங்க. இல்லாட்டி பிள்ளைய நாங்க கூட்டிக்கொண்டு போக வேணும்."

தர்ஷினியின் ஐ.சி.யைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஐ.சி. இல்லாமல் அவளால் தெருவில் கால் வைக்க முடியாது. அவள் அழவில்லை. கதிரையில் உட்கார்ந்து, மாமி, நாலு மணிக்குள்ள வந்திடுவீங்கள்தானே என்று மட்டும் கேட்டாள். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தை எழுதி முடியாது.

பஸ்ஸில் போகும்போது இரண்டு சோதனைச் சாவடிகளில் எல்லோரையும் இறக்கினார்கள். வரிசை, பை, ஐ.சி., திரும்பவும் ஏறு. மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்தே கண் வலித்தது.

பிலோமினா அக்காவின் மேசையில் நாற்பது பூக்கள் அடுக்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை விற்பனை. ஆறு பேரின் இரண்டு மாத வேலை. நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அக்கா பூக்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாருடைய கல்யாணக் கார்டில ஒட்டினீர்?"

அது எனக்கு ஞாபகமிருந்தால்தானே? எல்லாக் கார்டிலும் அதே குத்துவிளக்கு, அதே மஞ்சள், அதே சிவப்பு எழுத்து. போதாததற்கு, தைத்தவர்கள் அச்சடித்த பக்கத்தை வெளியே விட்டு, ஒட்டின பக்கத்தைத் துணிக்குள் வைத்திருந்தார்கள். அக்கா ஒரு பூவைக் கையிலெடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"ஒட்டினது எண்டா தடிப்பா இருக்கும். நசிச்சுப் பாரும். தடிப்பா இருந்தா என்னட்டத் தாரும், நான் பிரிக்கிறன்."

கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். அந்த நேரத்தில் அவர் காலில் விழுந்திருப்பேன், நேரம் இல்லாததால் விழவில்லை.

நசித்தோம். நாற்பது பூ, ஒவ்வொன்றிலும் ஆறு இதழ். சில கார்டுகள் பிறவியிலேயே தடிப்பு. அதைப் பிரித்தால் யாரோ டொக்டர் மாப்பிள்ளையின் பெயர் வரும். கையிலெடுக்கும் ஒவ்வொன்றையும் நேர்த்தி வைத்தே பிரித்தோம். ஒரு மணிக்குள் நாலு துண்டு கிடைத்தது. தர்ஷினியின் பெயர் ஒன்றில், எங்கள் விலாசம் ஒன்றில். ஒன்றரைக்கு ஐந்தாவது. சீல் இருந்த துண்டு மட்டும் இல்லை.

சீல் இல்லாத தாள் யாருக்கு வேண்டும்? கடைசிப் பூவையும் நசித்துவிட்டு நான் கைகளை மேசையில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பிள்ளையின் தாய்க்கு நான் என்ன பதில் சொல்வது?

அக்கா திடீரென்று எழுந்து அலுமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். எனக்குப் புரியவில்லை. அக்கா டின்னை மேசையில் கொட்டிக்கொண்டே சொன்னார்.

"நடுத் துண்டு. சுத்திவர ஆறு பக்கமும் தைச்சு முடிஞ்சா நடுவுக்குத் தாள் தேவையில்ல. பக்கத்தில உள்ளதுகள் பிடிச்சுக்கொள்ளும். நீங்கள் எல்லாரும் போன பிறகு நான் தாளை இழுத்து எடுத்துடுவன்."

டின்னின் அடியில், நாலைந்து குத்துவிளக்குகளுக்குக் கீழே, அந்த நீல நிறச் சீல் இருந்தது. நான் அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ஆறு துண்டையும் வேறொரு கார்டில் ஒட்டினோம் — வீட்டில் இருந்த விறைப்பான தாள் அது ஒன்றுதான். இடையில் வெட்டிப்போன மூலைகள் ஓட்டையாகத் தெரிந்தன. புறப்படும்போது அக்கா பிரிக்காத ஒரு பூவையும் என் பைக்குள் வைத்தார். இதைக் காட்டாவிட்டால் கள்ளத் தாள் செய்த மாதிரி இருக்கும் என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஸ்டேஷனுக்குள் போகும்போது மூன்று நாற்பத்தைந்து. சார்ஜன்ட் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஓரமெல்லாம் ஊசித் துளை இருப்பதைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது. திருப்பினார். பின்பக்கத்தில் குத்துவிளக்கு.

"மொகத மே?" என்றார்.

இது என்ன என்று கேட்பவருக்கு என் அரைகுறைச் சிங்களத்தில் துண்டுத் துணிப் போர்வையை எப்படிச் சொல்வது? பூவை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் புரட்டினார். இதழ்களுக்குள் கார்டுகள். ஓரமெல்லாம் அதே துளை, அதே அளவு. பூவையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஐ.சி.யை எடுத்து மேசையில் வைத்தார். நாளைக்கு வந்து புதிதாகப் பதியச் சொன்னார். புதுத் தாளைத் தைக்க வேண்டாம் என்றும் சொன்னார். சிரித்தாரா இல்லையா, சரியாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்தே கிடந்தது. மேல் மாடி டீச்சர் தர்ஷினிக்குப் பக்கத்தில். எதிர் வீட்டு அம்மா கொண்டு வந்த சோறு மேசையில் தொடப்படாமல். பக்கத்து வீட்டுக் கணவன் மனைவி சோபாவில். கீழ் வீட்டு நேர்ஸ் வேலைக்குப் போகவில்லை. சிறிபால கடையை மகனிடம் விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் அந்தப் பிள்ளை, அதே கதிரையில். ஐ.சி.யைக் கையில் கொடுத்த பிறகுதான் அழுதாள்.

புதுத் தாள் வந்துவிட்டது. எதிலும் ஒட்டவில்லை. ஆனால் அதை லாச்சிக்குள் வைக்கும்போது அன்று பார்த்ததை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். மேலே, கீழே, எதிரே, பக்கத்தில் இருவர், படியில் ஒருவர்... சரியாக ஆறு பேர்.

பிறகும் ஏன் இந்தப் பிள்ளைக்குத் தாள்?