போன் வந்த பிறகுதான் தண்ணீர்

அந்த அம்மாள் அன்றைக்கு என்னைத் திட்டாமல் விட்டிருந்தால், எங்கள் தொழில் ஆறே மாதத்தில் படுத்திருக்கும். திட்டு வாங்கி முன்னுக்கு வந்தவள் என்று யாராவது என்னைச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தேன். காண்ட்ராக்ட் கைமாறியது. புதிதாக எடுத்தவர் தன் ஆட்களைக் கூட்டிவந்தார். நாங்கள் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம். இலுப்பூரில் வீட்டுக்குள் உட்கார்ந்து பத்து நாள் அழுதேன். பதினோராம் நாள் அழுவதும் அலுத்துப்போனது. நாத்தனாரைக் கூப்பிட்டு, "நமக்குத் தெரிஞ்சது சுத்தம் பண்றதுதான். அதையே வீடு வீடாப் போய்ச் செய்வோமா?" என்றேன்.

"ஊருக்குள்ள என்ன சொல்லுவாங்க அண்ணி?" என்றாள் அவள்.

சொல்லத்தான் செய்தார்கள். கல்யாணப் பந்தியில் என் சொந்தச் சித்தப்பாவே, "அடுத்தவன் வீட்டுக் கக்கூஸ் கழுவ விசிட்டிங் கார்டு வேறயா?" என்று கேட்டார். "ஒங்க வீட்டுக்கும் வரட்டுமா சித்தப்பா? தெருமுனை வரைக்கும் வாடை வருது" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இரண்டு வாளி, ஒரு மாப், ஒரு வைப்பர், ஒட்டடைக் கம்பு, என் கணவரின் பழைய மொபெட். இவ்வளவுதான் எங்கள் கம்பெனி. போட்டுக்கொள்ள இரண்டு நீலக் கோட்டு தைத்துக்கொண்டோம். முதல் ஐந்து மாதம் வாரத்துக்கு ஒரு வீடு கிடைத்தால் பெரிது.

அப்போதுதான் அந்த அம்மாளின் பெரிய வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். மகன் குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறார். லீவுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார்கள். மருமகள் பேசினாள். "அத்தைக்கு முட்டி வலிங்க. புதன்கிழமை காலையில ஆறு மணிக்கு நாங்க கெளம்பினதும் வீடு பூரா கழுவிக் குடுத்துருங்க." அந்தத் தெருவில் அதுபோல வயசானவர்கள் மட்டும் இருக்கும் வீடு நிறைய. இந்த ஒரு வீட்டில் நல்ல பெயர் எடுத்தால் தெருவே நம் கையில் என்று கணக்குப் போட்டேன். கெட்ட பெயர் எடுத்தால் மறுபடி வீட்டில் உட்கார்ந்து அழ வேண்டியதுதான்.

கம்பெனியில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு ஷிப்ட் ஆட்கள் வெளியே போன அடுத்த நிமிடம் தரையில் தண்ணீர் விழ வேண்டும். ஒன்பது வருடப் பழக்கம். புதன்கிழமை கார் தெருமுனை திரும்பியது. அந்த அம்மாள் கேட்டில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். நான் பின்வாசல் வழியாக உள்ளே போய் ஹாலில் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றினேன்.

திரும்பி வந்தவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏத்தா! என்ன காரியம் பண்ணிட்ட? எம் மகன் இன்னும் விராலிமலையே தாண்டலை. அதுக்குள்ள கழுவி விடுறியே, இது என்ன எழவு வீடா?"

பயணம் போனவர்கள் போய்ச் சேரும் முன்னால் வீட்டைக் கூட்டக் கூடாது, கழுவக் கூடாது. பிணத்தை எடுத்த வீட்டில்தான் எடுத்த கையோடு தண்ணீர் ஊற்றுவோம். இது எனக்குத் தெரியாதா? என் கணவர் லோடு ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் கிளம்பினால் அவர் போன் வரும்வரை நான் விளக்குமாற்றைத் தொட மாட்டேன். என் வீட்டில் தெரிந்தது நீலக் கோட்டைப் போட்டதும் மறந்துவிட்டது.

"எங்கிட்டும் போகாத. அவன் எறங்கிட்டேன்னு சொல்ற வரைக்கும் இங்கயே கெட. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சு, ஊரு பூரா சொல்லி ஒன்னைய நாறடிச்சுருவேன்" என்றார்.

வாசல் படியில் உட்கார்ந்தோம். ஊற்றிய தண்ணீரைத் துடைக்கக்கூடப் பயம். அது தானாகக் காய்ந்தது.

"நம்மளா அண்ணி பிளேன் ஓட்டுறோம்? வாங்க போயிருவோம்" என்று நாத்தனார் காதைக் கடித்தாள். போயிருக்கலாம். ஆனால் ஜன்னல் வழியாக அந்த அம்மாளைப் பார்த்தேன். போனை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, எங்களுக்கும் கொடுக்கவில்லை. அந்தப் பயத்தை அவர் மனதில் ஊற்றியவள் நான்தான். வெட்கமாக இருந்தது. விராலிமலை முருகனிடம், அந்த விமானத்தைப் பத்திரமாக இறக்கிவிடு, படியேறி வந்து மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். என் பிரசவத்துக்குக்கூட அப்படி வேண்டவில்லை.

மூன்று மணி ஆகப்போகையில் போன் அடித்தது. "எறங்கிட்டியாய்யா?" என்ற குரல் கேட்டது. அவர் உள்ளே அழுதார், நான் வெளியே அழுதேன். எங்களைப் பார்த்து நாத்தனாரும் அழுதாள். பிறகு கதவைத் திறந்து, "இன்னும் என்ன ஒக்காந்திருக்க? எந்திரிச்சுக் கழுவு" என்றார்.

பொழுது சாயும்வரை கழுவினோம். ஹால் சுவரில் பேரப்பிள்ளை நீலக் கிரேயானில் ஏதோ கிறுக்கி வைத்திருந்தது. யானை என்றும் சொல்லலாம், பஸ் என்றும் சொல்லலாம். எப்படியாவது நல்ல பெயர் எடுத்துவிட வேண்டுமே என்று, "இதையும் எடுத்துர்றேம்மா, தடமே தெரியாது" என்றேன்.

"அது இருக்கட்டும்" என்றார் வெடுக்கென்று. கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னபடியே ஊர் பூராவும் சொன்னார். ஆனால் சொன்னது வேறு. "எம் மகன் போய்ச் சேர்ற வரைக்கும் படியிலயே பட்டினியாக் கெடந்துச்சு அந்தப் பிள்ளை" என்று. அடுத்த வாரம் ஒரு புது நம்பர். "நீங்கதான் போன் வந்த பெறகு கழுவுறவங்களா?" என்று ஒரு பெண் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அதுவே எங்கள் சட்டம்.

இன்றைக்கு நாங்கள் ஒன்பது பேர். தரை தேய்க்கும் மெஷின் இருக்கிறது, சொந்த லோடு ஆட்டோ இருக்கிறது. கடலோரம் கட்டுமாவடி வரை போகிறோம். அங்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பம். "எங்களுக்கு அந்தச் சாங்கியமெல்லாம் கெடையாதுங்க" என்றார்கள். சொல்லிவிட்டு, பையன் துபாயிலிருந்து பேசும்வரை எங்களுக்கு மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டு உட்கார வைத்திருந்தார்கள். சித்தப்பா வீட்டுக்கும் இரண்டு முறை போயிருக்கிறோம். முருகனுக்கு மொட்டையும் போட்டாயிற்று.

இந்த வருடம் என் மகள் நர்ஸ் வேலைக்கு சிங்கப்பூர் கிளம்பினாள். அவளைப் படிக்க வைத்தது அந்த வாளியும் மாப்பும்தான். காலை விமானம். திருச்சியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால், அவள் பாதியில் வைத்த இட்லித் தட்டு அப்படியே கிடந்தது. நாத்தனார் வந்து விளக்குமாற்றைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. முட்டியைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் இறங்கினார். கையில் பிளாஸ்க்.

"அன்னைக்கு ஒனக்கு ஒரு வாய் காப்பி குடுக்கலத்தா. அது மனசுல உறுத்திக்கிட்டே கெடக்கு" என்று டம்ளரில் ஊற்றி நீட்டினார். போன் வரும்வரை என் கூடவே இருந்தார். அவருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "காப்பி ஆறுது, குடி" என்றார்.

மூன்று மணிக்கு மேல் மகள் பேசினாள். "எறங்கிட்டேம்மா." நான் அழுது முடிப்பதற்குள் நாத்தனார் வேலையைத் தொடங்கிவிட்டாள். தட்டை எடுத்தாள், கூட்டினாள், துணியை நனைத்துக்கொண்டு அலமாரிக் கண்ணாடிக்குப் போனாள். கண்ணாடி ஓரத்தில் மகள் ஒட்டி வைத்துவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு ஒன்று, சின்னதாக, மெரூன் நிறத்தில். நாத்தனார் அதில் நகத்தை வைத்தாள்.

"அது இருக்கட்டும்" என்றேன், வெடுக்கென்று.

அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் டம்ளரை வாங்கி இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார்.