கேட்டுத் தொடு

ரயில்வே போலீஸில், பெண் பயணிகளைச் சோதனை போட்டே பாதி சர்வீஸை ஓட்டியவள் நான். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் மெஷின் கத்தினதும் கை வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரயிலில் குண்டு என்று எவனோ ஒரு புண்ணியவான் போன் போட, ஆவடி ஸ்டேஷனில் எல்லோருக்கும் செக்கிங். எனக்கு அதுதான் முதல் நாள். கயிறு கட்டி, பெட்ஷீட் தொங்கவிட்டால் அதுதான் லேடீஸ் பூத். உள்ளே நானும் கையில் பிடிக்கிற மெட்டல் டிடெக்டரும். வெளியே எங்கள் எஸ்.ஐ. நல்ல மனுஷன்தான், கூட்டம் சேர்ந்தால் மட்டும் பொறுமை பறந்துவிடும்.

பெரிய தலைவலி ஊக்கு. தாலிக் கயிற்றில் நாலு, வளையலில் ரெண்டு என்று மாட்டிக்கொண்டு வருவார்கள். கழற்றுங்கம்மா, கழற்றுங்கம்மா என்று சொல்லியே வாய் வலித்தது.

பட்டாபிராம் பக்கம் தையல் வேலை பார்க்கும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். முதலில் உள்ளே வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். ஊக்கையெல்லாம் கழற்றிய பிறகும் இடது மார்புப் பக்கம் பீப். கையை நீட்டினேன். சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"கை வெக்காதம்மா, நானே சொல்றேன்," என்றார் தாழ்ந்த குரலில். "ஆபரேஷன் பண்ணி அந்தப் பக்கம் எடுத்துட்டாங்க. துணி வெச்சு ஊக்கு குத்திகினு கீறேன். வெளிய நிக்கறாங்களே, என்கூட வேலை செய்றவங்க, ஒருத்தருக்கும் தெரியாது."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அதற்குள் எஸ்.ஐ., சந்தேகம்னா இன்னொரு ஆளை உள்ளே அனுப்பட்டுமா என்று வெளியிலிருந்து கேட்டார். வரிசை மொத்தமும் காது கொடுத்திருக்கும். அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு, நீங்களே எடுத்துக் காட்டுறீங்களாம்மா, நான் தொடமாட்டேன் என்று அவரிடம் கேட்டேன். சரி என்றார். ஊக்கையும் மடித்த துணியையும் அவரே எடுத்து நீட்டினார். துணிமேலும் அவர்மேலும் டிடெக்டரை ஓட்டினேன். சத்தமே இல்லை.

வெளியே தலையை நீட்டி, "ஆள் க்ளியர் சார். அதுக்கு மேல என்னை ஒண்ணும் கேக்காதீங்க," என்றேன். புதுசாக வந்தவள் பேசுகிற பேச்சா அது! எஸ்.ஐ. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ சொன்னா சரிதாம்மா," என்று நகர்ந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

உள்ளே அந்த அம்மா ஊக்கு குத்த முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். இடது கை மேலே எழவில்லையாம், வீட்டில் மகள்தான் குத்திவிடுவாளாம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவரே என் கையைப் பிடித்து இழுத்தார்.

"நீ குத்தி வுடும்மா. நீ தொடலாம்," என்றார்.

குத்திவிட்டேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தோழிகளோடு சிரித்துப் பேசியபடி ரயிலேறிப் போனார். ரிட்டயர் ஆகும்வரை, தொடலாமாம்மா என்று கேட்காமல் ஒருத்தர்மேலும் நான் கை வைத்ததில்லை. கேளுங்கள், முக்கால்வாசிப் பேர் சரி என்பார்கள். வேண்டாம் என்பவரிடம், வேறு எப்படிச் செய்யலாம் என்று அவரையே கேளுங்கள். அந்த அம்மா பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.