முள்ளெலிக்கு நான் வெட்டிய குழி

போன தை மாதம், உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில் நடந்தது. புல்லின் மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் கிடந்த காலம்.

கொழும்பில் வேலை செய்யும் என் மகள், ஆசைப்பட்டு ஒரு முள்ளெலி வாங்கினாள். அறை கொடுத்த வீட்டம்மா கூடவே கூடாது என்றுவிட்டதால் அது என் தலையில் விழுந்தது. "உங்கள நம்பித்தான் விடுறேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். லயத்தில் எல்லோரையும் கிண்டல் செய்து பிழைக்கும் ஆள். ஆனால் ஒரு கைப்பிடி உயிர் என்னைப் பார்த்துச் சீறியதும் வேர்த்துவிட்டது. இரண்டு வாரம் தடித்த கையுறை போட்டுக்கொண்டுதான் தீனி வைத்தேன். முதல் நாள் ஹெல்மெட்டும் போட்டிருந்தேன் என்பதை மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். என் கையுறையைக் கண்டாலே அது பந்தாகிவிடும்.

ஒரு நாள் அடுப்புப் புகையில் அது தும்மியது. பாவம், நல்ல காற்று வாங்கட்டும் என்று பெட்டியைச் சன்னலோரம் சீமெந்துத் தரையில் வைத்தேன். மறுநாள் விடிந்து பார்த்தால் சுருண்டு கிடக்கிறது. தட்டினேன், அசையவில்லை. கையுறையைத் தாண்டியும் கல் மாதிரிச் சில்லென்று இருந்தது.

மகளிடம் எந்த வாயால் சொல்வது? மனைவியும் ஊரில் இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, அதைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டு, கையுறையோடேயே வாசலோரத் தோட்டத்தில் குழி வெட்ட ஆரம்பித்தேன். சூடம்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

அப்போது பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா, கொழுந்துக் கூடையோடு வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குக் கிளம்பி வந்தார்.

"என்னாண்ணே, காலங்காத்தால கெழங்கு நடுறீங்களா?"

"கெழங்கு இல்லக்கா, பொணம்."

அவர் துண்டை விலக்கி வெறுங்கையால் அதைத் தூக்கினார்.

"ஐயோ, குத்தும்க்கா!"

"நித்தம் அடுப்புக்குத் தேயில மெலாறு வெறகு ஒடிக்கிற கைண்ணே இது." காதருகே வைத்துக் கேட்டார். "மூச்சு இருக்கு. மெதுவா வருது. குளுர்ல வெறச்சுப் போயிருச்சு."

நான் அதைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"சுட்டுத் திங்கவா போறீங்க? குடுங்க இங்க! திடீர்னு சூடு காட்டக் கூடாது. எம் மூத்தவ கொற மாசத்துல பொறந்தப்ப நெஞ்சோட போட்டுத்தான் காப்பாத்துனேன்."

கூடையை இறக்கிவிட்டு என் வாசற்படியில் உட்கார்ந்து, அதைத் தான் போர்த்தியிருந்த கம்பளிக்குள் மார்போடு அணைத்துக்கொண்டார். பெரட்டு மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"போங்கக்கா, இன்னைக்குப் பேரும் சம்பளமும் போயிரும்."

"ஒரு நாளு பேரு தானே? சும்மா இருங்க."

வெயில் லயத்துக் கூரையைத் தொட்ட நேரம், கம்பளிக்குள்ளிருந்து ஒரு ஈர மூக்கு வெளியே வந்தது. நான் விம்மி விம்மி அழுதேன்.

"ஊரையே சிரிக்க வைக்கிற ஆளப் பாருங்க" என்று சிரித்தவர், "அந்தக் கையுறையக் கழட்டிப்புட்டுத் தொடுங்கண்ணே. ஒங்க வாசன தெரியாம அது எப்புடி ஒங்கள நம்பும்?" என்றார்.

வெறுங்கையை நீட்டினேன். சீறியது, குத்தியது. கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் மோந்து பார்த்துவிட்டு விரலை நக்கியது.

அன்றே மகளுக்கு போன் பண்ணி, குழி வெட்டியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அழுதாள். பிறகு, "அந்த அத்தைகிட்ட போன குடுங்கப்பா" என்றாள்.

இப்போது அது அக்கா கொடுத்த கம்பளித் துண்டுக்குள், புகை படாத அடுப்படிச் சுவரோரம் தூங்குகிறது. மாலையில் என் மடியில் ஏறிக்கொள்கிறது. அந்தக் குழியில் உருளைக்கிழங்கு நட்டேன். முதலில் தோண்டிய கிழங்கை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலையில் பெரட்டு மணி கேட்கும்போதெல்லாம், அதைக் கேட்டும் எழுந்திருக்காமல் என் வாசற்படியில் உட்கார்ந்திருந்தவரை நினைத்து, இன்றும் என் கிண்டல் வாய் ஒரு நிமிடம் மூடிக்கொள்கிறது.