அம்மன் நிற்கும் பத்திர ஆபீஸ்

காலை எட்டே காலுக்குத் தருமபுரி பேருந்து நிலையத்தில், கம்பைநல்லூர் பக்கம் போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். பெண்களுக்குக் கட்டணமில்லை, உட்கார இடமும் இல்லை. முப்பது கிலோமீட்டர்கூட வராத தூரத்தை ஒன்றரை மணி நேரம் நின்றே கடந்தேன். பழைய கோவில் மண்டபங்களை வெள்ளைக்காரர் காலத்தில் எப்படி அரசு அலுவலகமாக மாற்றினார்கள் என்று தேடி அலைவது இது நான்காவது நாள். முதல் மூன்று நாளும் பூட்டைத்தான் பார்த்தேன்.

பத்து மணிக்கு அன்று தேடி வந்த மண்டபத்தை அடைந்தேன். இப்போது அது பத்திரப் பதிவு அலுவலகம். தூண்களுக்கு நடுவே செங்கல் சுவர் எழுப்பி, இரண்டு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். எந்தப் பொறியாளரோ, சிக்கனக்காரர். ஒரு தூணில் அம்மன் சிலை புடைத்து நின்றதால் அதை மட்டும் மூடாமல் சுவரை ஒதுக்கிக் கட்டியிருக்கிறார். அதனால் சார்பதிவாளர் மேசைக்குப் பக்கத்திலேயே அம்மன் நிற்கிறாள், நெற்றியில் அன்றைய குங்குமத்தோடு. வருகிறவர்கள் எல்லாரும் வாசலிலேயே செருப்பை விடுகிறார்கள். சார்பதிவாளரும் வெறுங்காலோடுதான் உட்கார்ந்திருந்தார்.

படம் எடுக்க அனுமதி கேட்டுவிட்டு பெஞ்சில் காத்திருந்தேன். பக்கத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, தம்பியோடு. அப்பாவின் நிலத்தில் தன் பங்கை அவனுக்கு விட்டுக்கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னாள்.

பதினொன்றரைக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

"முழு மனசோடதானேம்மா எழுதிக் குடுக்கறீங்க?" எல்லாரிடமும் கேட்பது போலவே சார்பதிவாளர் கேட்டார்.

அவள் அம்மனைப் பார்த்தாள். "இல்லைங்க" என்றாள்.

வீட்டில் சரி என்றுதானே சொன்னாய் என்று தம்பி குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"வூட்ல சொன்னேன்டா. இவ மூஞ்சியப் பாத்துச் சொல்ல வரல."

சார்பதிவாளர் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தம்பிக்கு முன்னால் நடந்தாள்.

எனக்குப் படம் எடுக்கத் தோன்றவில்லை. திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தும் அலுப்பு தீரவில்லை. எங்கள் ஊரில் என் அண்ணனுக்கு நானும் இதே பத்திரம் எழுதிக் கொடுத்தவள்தான். இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். புதுக் கட்டடம், ஏசி அறை. எதிரே வெள்ளைச் சுவர் மட்டும் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.