பெல்ட்டருகே ஒரு மூக்கு

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் பொற்கொடிக்கு வேலையே மூக்குதான். பாரூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, பழம் ஓடிவரும் பெல்ட்டருகே நிற்பாள். சில பழம் வெளியே பளபளக்கும், உள்ளே கொட்டைப் பக்கம் கெட்டிருக்கும். காம்பை ஒருமுறை முகர்ந்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். பன்னிரண்டு சீசனில் அவள் கை கடந்த கூழ் ஒரு டிரம்கூடத் திரும்பி வந்ததில்லை.

2006 சீசனில் அந்த மூக்கு அடைத்துக்கொண்டது. ஓயாத சளி, நெற்றியில் பாரம். ஆவி பிடித்தாள், தைலம் தடவினாள். வாசனை மங்கிக்கொண்டே போனதை யாரிடமும் சொல்லவில்லை. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து ஒப்பேற்றினாள். ஒருநாள் காலை, அவள் விட்ட பழத்தைப் பக்கத்தில் நின்ற சாந்தம்மா வெடுக்கென்று எடுத்தாள்.

“ஏக்கா, இது நாறுதே! உன் மூக்கு இனிமே மூக்குத்தி மாட்ட மட்டுந்தானா?”

எல்லாரும் சிரித்தார்கள். பொற்கொடி சிவப்புப் பொத்தானை அமுக்கி பெல்ட்டை நிறுத்தினாள். நேரே சூப்பர்வைசர் ரத்தினவேலிடம் போனாள்.

“சார், நேத்துலருந்து எனக்கு வாசனை சுத்தமா தெரியல. நேத்து ரொப்பின டிரம்மையும் பிரிச்சுப் பாருங்க. என்னை இங்கருந்து மாத்திருங்க.”

“யோசிச்சுத்தான் பேசறியா? இந்த இடத்துக்குப் பத்து பேரு காத்திருக்காங்க.”

“கொழந்தைங்க குடிக்கிறது, சார்.”

அன்றே அவளைப் பழம் கழுவும் தொட்டிக்கு அனுப்பினார்கள்.

ஓசூரில் காது மூக்கு தொண்டை டாக்டர் சுமலதா ஸ்கேனைக் காட்டினார். “மூக்குக்குள்ள உறுத்தல் வந்தா, புண் ஆறணும்னு உடம்பு ‘வளரு’ன்னு ஒரு சேதி அனுப்பும். வளர்ச்சிக் காரணின்னு பேரு. வருஷக்கணக்கா உறுத்தினா அந்தச் சேதி நிக்கறதில்ல. சளி சுரக்கிற செல்லுங்க பெருகிக்கிட்டே போகும். உள்ள சதை வளர்ந்து அடைச்சிரும்.”

“சுவிட்சு மாட்டிக்கிட்டு நிக்காம ஓடற பெல்ட்டு மாதிரிங்களா?”

“அதேதான். ஆபரேஷன்ல எடுக்கிற சதையைப் பெங்களூர் ஆராய்ச்சிக்குத் தர்றீங்களா? சுவிட்சை எப்படி அணைக்கிறதுன்னு பார்க்கறாங்க. உங்களுக்கு இப்ப பலன் இருக்காது.”

“பின்னால வர்றவங்களுக்கு இருக்கட்டும், எடுத்துக்கங்க. வாசனை திரும்புமா?”

“உறுதியாச் சொல்ல முடியாதும்மா.”

ஆபரேஷன் முடிந்ததும், உறுதி இல்லாமலேதான் தினம் இருவேளை, வருஷம் முழுக்க, உப்புநீரால் மூக்கைக் கழுவினாள். ஒருநாள் தவறவில்லை.

அடுத்த சீசன் முதல் நாள் ரத்தினவேல் முன்னால் வந்து நின்றாள். “சோதிச்சுப் பாருங்க, சார். தப்பாச் சொன்னா நானே தொட்டிக்குத் திரும்பிடறேன்.”

சாந்தம்மா அவள் கண்ணைக் கட்டி ஆறு பழம் நீட்டினாள். பொற்கொடி ஒவ்வொன்றாக முகர்ந்து இரண்டைத் தள்ளிவைத்தாள். ரத்தினவேல் ஆறையும் அறுத்தார். அந்த இரண்டில் மட்டும் கொட்டையோரம் கறுப்பு.

“பழுத்த வாசனை எப்படியிருக்குக்கா?” என்றாள் சாந்தம்மா, கண்கட்டை அவிழ்த்தபடி.

“அது இன்னும் வரல. அழுகல் மட்டுந்தான் வருது.”

ரத்தினவேல் கத்தியைத் துடைத்தார். “நமக்கு வேண்டியது அதுதானே. போய் நில்லு.”

பொற்கொடி பெல்ட்டருகே போனாள். சாந்தம்மாவையும் கைபிடித்து இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

“நான் விட்டதை நீ பிடி. சிரிக்கிறதா இருந்தா பிடிச்சப்புறம் சிரி.”