லிஃப்ட் மெக்கானிக் கட்டிய கல்லெறி பொறி

தையல்காரி தன் புருஷனைப் பற்றி யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. சொல்கிற மாதிரி அவரும் எதையும் செய்து வைக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக். வேலை பார்த்த காலமெல்லாம் ஊரை மேலே ஏற்றிவிட்டு, தான் மட்டும் கீழ்த்தளத்து வாடகை வீட்டில் கிடந்த மனுஷர். ஓய்வு பெற்றதும் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தாரா? வீட்டுக்குப் பின்னால் கல்லெறி பொறி கட்ட உட்கார்ந்தார்.

"எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

"சும்மாதான்," என்றார்.

அந்தக் காலத்து ராஜாக்கள் மதிலை இடிக்க வைத்திருந்த சமாச்சாரம். உயரமான சட்டத்தின் மேல் ஒரு நீளக் கம்பம். குட்டை முனையில் இரும்புப் பாளங்கள் அடுக்கிய பெட்டி, நெட்டை முனையில் கயிற்றுத் தொட்டிலில் கல். கொக்கியைத் தட்டினால் பெட்டி விழும், கம்பம் எழும், கல் பறக்கும். பறக்க வேண்டும். இவருடைய கல், புது மாப்பிள்ளை மாதிரி நிதானமாக எழுந்து, துணி காயும் கொடிக்குக் கீழே வந்து உட்கார்ந்தது.

மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் எட்டிப் பார்த்தார். "மதிலைத் தாண்டி ஒரு கல் போச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிட வேண்டியதுதான். இப்பவே சொல்லிட்டேன்."

காலி பண்ணுவதா? அந்தத் தெருவில் பாதிப் பேரின் அளவு அவளுக்கு மனப்பாடம். அந்த வாடிக்கையைப் பிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வேறு தெருவில் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க இனி உடம்பில் தெம்பும் கிடையாது. நல்லவேளை, கல் கொடியைத் தாண்டவே இல்லை. புருஷனின் கையாலாகாத்தனத்தை நம்பி நிம்மதியாக இருந்தாள்.

அவர் விடவில்லை. அச்சுக்கு எண்ணெய் விட்டார். கம்பத்தின் நுனியை இழைத்து மெலிதாக்கினார். கயிற்றை நீட்டினார், குறைத்தார். "விழுற பாரத்தோட பலம் முழுசா கல்லுக்குப் போகணும். பாதிகூட போகல. எங்கயோ வீணாகுது," என்று புலம்பினார். இவருக்குப் போட்ட சோறெல்லாம் எங்கே போனதோ அங்கேதான் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதை நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு மதியம் வாசற்படியில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் வைத்தபடி பார்த்தாள். பெட்டி பாதியில் தயங்கி, பூப்போல இறங்கியது. அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"ஏங்க, இது என்ன லிஃப்டா? பெட்டியைப் பிடிச்சு நிறுத்த பிரேக்கு, கீழ மெத்துனு உட்கார ஸ்பிரிங்கு. உள்ள ஆளா நிக்குது? கல்லை எறியச் சொன்னா பத்திரமா இறக்கி விடுறீங்க."

அவர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். பழக்கதோஷம். பாரம் ஒன்று தொங்கினால் பிரேக் வைக்காமல் அவர் கை ஓயாது. வைத்தது அவருக்கே உறைக்கவில்லை. ஸ்பானரை எடுத்து இரண்டையும் கழற்றி எறிந்தார்.

என்ன சொல்லிவிட்டோம் என்று அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. "வேண்டாங்க, பழையபடி மாட்டுங்க," என்று எழுந்து ஓடினாள். அதற்குள் அவர் கொக்கியைத் தட்டிவிட்டார். கல் கொடியைத் தாண்டி, மதிலையும் தாண்டி, அந்தப் பக்கம் நின்ற ஓனரின் காரில், முன்கண்ணாடியில் இறங்கியது.

ஓனர் தடதடவென்று இறங்கி வந்தார். "நாளைக்கே காலி பண்ணுங்க. இத்தனை நாளா ஒண்ணுத்துக்கும் ஆகாம கிடந்துச்சு, இன்னைக்கு அப்படி என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

லிஃப்ட் மெக்கானிக்கின் முகமெல்லாம் பல். கல்யாணம் ஆனதிலிருந்து பெண்டாட்டியைப் பற்றி அடுத்தவரிடம் அவர் பெருமையாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"எல்லாம் இவ சொன்ன யோசனைதான் சார். நான் மாசக்கணக்கா மண்டையைப் பிச்சுக்கிட்டேன். இவ உட்கார்ந்த இடத்துலேயே கண்டுபிடிச்சுட்டா."