கத்தரிப்பூ நிறக் கரை

என் மாமாவின் வாய்க்குப் பூட்டுப் போடக்கூடியவர் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒருவருமில்லை. அம்மாவின் தம்பியான அவர் அங்கே தையற்கடை வைத்திருந்தார். எனக்குப் பத்து வயதான அந்த ஆண்டில், பிளவுஸ் தைக்க வந்தவர்கள் யாரும் இத்தாலிய நாடக அரங்கின் கதையைக் கேட்காமல் வெளியேற முடியவில்லை.

பாரிசுக்கு வருமுன் மாமா இத்தாலியில் மலைமேல் ஒரு சிற்றூரில் இருந்தவர். அங்கே பாழடைந்த அரங்கிலிருந்து இடிபாடுகளை வாளியில் அள்ளிக் கொட்டியதுதான் அவர் ஐரோப்பாவில் பார்த்த முதல் வேலை. ஊர்க் குடும்பங்கள் சேர்ந்து கட்டிய அரங்கு அது. குடும்பத்துக்கொரு மாடம் என்று மூன்று அடுக்கில் உட்கார்ந்து இசை நாடகம் பார்த்தார்களாம். பிறகு அது சினிமாக் கொட்டகையானது, தானியக் கிடங்கானது, கடைசியில் ஒரு நிலநடுக்கத்தில் கூரை இறங்கிப் பூட்டிக் கிடந்தது. பேரப்பிள்ளைகள் காலத்தில் ஊர் மறுபடி கூடி அதைச் செப்பனிடத் தொடங்கியது. மாமா அங்கிருந்து கிளம்பும்போது, அரங்கின் பொறுப்பாளரான அம்மையாரிடம் "முன்திரையை நான்தான் தைப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த அம்மையார் அதை மறக்கவில்லை.

சிவப்பு வெல்வெட் வந்து இறங்கியது. அப்பா நான் பிறந்த மறு ஆண்டே இறந்துவிட்டதால் நானும் அம்மாவும் பாரிசின் புறநகரான எபினேயில் மாமா வீட்டில்தான் இருந்தோம். சோபாவைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டு வரவேற்பறை முழுக்க வெல்வெட்டை விரித்தார்கள். வேலைப்பாடு எதுவும் வேண்டாம், வெறும் சிவப்பு போதும் என்பது இத்தாலியிலிருந்து வந்த கட்டளை. மாமாவுக்கு மனம் கேட்கவில்லை.

"கரையில்லாத சீலையை ஆரும் சபைக்கு உடுத்துக்கொண்டு வருவினமோ, அக்கா?"

வெல்வெட்டில் ஒரு சாண் குறைத்து, அந்த இடத்தில் கத்தரிப்பூ நிறப் பட்டில் சரிகை ஓடிய கரையொன்றை வைத்துத் தைத்தார். லா சப்பலே வந்து பார்த்து மூக்கில் விரலை வைத்தது.

திறப்பு விழாவுக்கு மூவரும் மாமாவின் வான் வண்டியில் புறப்பட்டோம். அம்மா தன் கல்யாணக் கூறைச் சீலையைப் பெட்டியின் அடியில் வைத்தார். பூச்சியுருண்டை மணக்கும் அந்தச் சீலையை அவர் உடுத்தி நான் பார்த்ததே இல்லை. வழியெல்லாம் அம்மா குதூகலமாக இருந்தார். "அங்கை எங்களை ஆருக்கும் தெரியாது" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். தெரியாத ஊருக்குப் போவதில் இத்தனை சந்தோஷமா என்று எனக்கு வியப்பு.

விழா நாள் காலையில் திரையைப் பிரித்ததும் அம்மையாரின் முகம் வெளுத்தது. ஓடிப்போய்க் கதவின் இரும்புப் பிடியைத் தொட்டார். அங்கே பீடை கழிப்பது அப்படித்தானாம். அவருக்குப் பிரெஞ்சு தெரிந்ததால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. முன்னொரு காலத்தில் தவக்காலம் வந்தால் பாதிரிமார் கத்தரிப்பூ நிற அங்கி அணிவார்கள், அரங்குகள் மூடப்படும், நடிகர்கள் பட்டினி கிடப்பார்கள். அன்று தொட்டு அந்த நிறம் இத்தாலிய மேடைக்கு ஆகாது. நடிகர்கள் திரையின் பின்னால்கூட வந்து நிற்கமாட்டார்கள்.

"கரையைப் பிரிச்சு எறியலாம். ஆனா ஒரு சாண் கட்டையாப் போயிடுமே, அக்கா. கால் எல்லாம் தெரியும்" என்று மாமா முதல் வரிசையில் பொத்தென்று உட்கார்ந்தார். திரையில்லாமலே திறப்போம் என்றார் அம்மையார், மென்மையாகத்தான். அதை மாமாவிடம் தமிழில் சொன்னேன். ஊரெல்லாம் அளந்த வாய் அன்றைக்குத்தான் மூடிக்கொண்டது.

அம்மா பெட்டியைத் திறந்து கூறையை எடுத்தார். ஒரு சாண் அகலத்தில், இரு பக்கமும் பொன் சரிகைக் கரை. சீலைக்கு இரண்டு கரை, திரைக்கு இரண்டு பாதி.

மாமா துள்ளி எழுந்தார். "விசரே உனக்கு? உன்ரை கூறை எல்லே!"

"ஓம், என்ரைதான். கத்தரிக்கோலைத் தா இஞ்சை. நானே வெட்டுறன்."

மாமாவின் மேல் உள்ள கோபத்தில்தான் அம்மா சீலையை அவர் கையில் கொடுக்கவில்லை என்று நினைத்தேன். அம்மா கூறையின் கரையோரமாக ஒரே சீராக வெட்டினார், மாமா திரையின் கத்தரிப்பூக் கரையைப் பிரித்தெடுத்தார். வண்டியிலிருந்த தையல் இயந்திரம் மேடைக்கு ஏறியது. அம்மையாரும் தச்சர்களும் வெல்வெட்டைத் தாங்கிப் பிடித்தார்கள், நான் ஊசி கோத்துக் கொடுத்தேன்.

மாலையில் மூன்று அடுக்கும் நிறைந்து வழிந்தது. விளக்குகள் திரையில் விழுந்ததும் அடிக்கரை பொன்னாய் எரிந்தது. நாடகம் தொடங்குமுன்பே ஊர் எழுந்து நின்று கை தட்டியது. அம்மையார் மாமாவை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார். மாமா அழுதுகொண்டே கும்பிட்டார். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். அவ்வளவு பெருமை எனக்கு அதற்குப் பிறகும் வாய்த்ததில்லை.

கணவனை இழந்தவள் கூறை உடுத்தினால் லா சப்பலில் எத்தனை வாய்கள் பேசும் என்பதும், யாரும் அறியாத ஊரில் ஒரே ஒரு மாலை அதை உடுத்திவிட அம்மா ஆசைப்பட்டார் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு விளங்கின. அன்று மாடத்தில் என் பக்கத்தில் அவர் கசங்கிய பருத்திச் சேலையில் நின்றார். கைதட்டல் ஓயாதிருக்க, கண்ணீரைத் துடைத்துவிட்டு, குனிந்து தன் கொசுவத்தை நீவிச் சரிசெய்தார். எல்லோரும் மேடையை அல்லவா பார்க்கிறார்கள், அம்மா எதற்குச் சேலையைச் சரிசெய்கிறார் என்று நினைத்தேன்.